கனமான திருநீறு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் போகும் கோயிலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி இருக்கிறது. பழைய பேட்டரி, செத்துப்போன கைப்பேசி, சார்ஜர் எல்லாம் அதில் போடலாம். மாதம் ஒருமுறை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். அந்தப் பெட்டிக்காக ஆறு மாதம் கமிட்டிக்காரர்களிடம் நடந்தவள் நான்தான். கோயிலில் எதற்குக் குப்பைப் பெட்டி என்று கேட்டார்கள். குப்பைக்குப் போகக் கூடாது என்பதற்குத்தான் பெட்டி என்றேன். யாராவது டார்ச்லைட் பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டால் கையை விட்டு எடுத்துவிடுவேன். பிள்ளைகள் எனக்குப் பின்னால் 'பேட்டரி ஆன்டி' என்கிறார்கள். காதில் விழத்தான் செய்கிறது. போகட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களிடம், சின்ன வயதில் பேட்டரி உருக்கிய புகையால் என் தம்பிக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது என்று சொல்வேன். அம்மா எல்லாரிடமும் சொன்ன பதில் அது. அம்மா கண்மூடும் வரை அதைத்தான் சொன்னார், நானும் அதையே சொல்லி வருகிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. போர்ட் கிள்ளானில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய் நாட்டுக் குடியிருப்பில், இருந்தோம். பலகை வீடு, தகரக் கூரை. கடல் பெருகும் நாட்களில் சேறு வாசற்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. ஷிப்ட் முறை என்பதால் அவர் வீட்டில் இருந்தால் தூங்கிக்கொண்டிருப்பார், தூங்கவில்லை என்றால் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எங்களோடு இருந்தார்.

மாமாவுக்கு ஒரு தொழில் இருந்தது. லோரி பட்டறைகளுக்கு சைக்கிளில் போய், தேய்ந்துபோன பெரிய பெரிய பேட்டரிகளை வாங்கி வருவார். கோடாரியால் உடைத்து, உள்ளே இருக்கும் ஆசிட் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு விறகடுப்பில் உருக்குவார். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வலைக்குக் கட்டும் குண்டுகளாக மீனவர்களுக்கு விற்பார். பாட்டுப் பாடிக்கொண்டே உருக்குவார். எனக்கு மாமாவை மிகவும் பிடிக்கும். ஒருமுறை களிமண்ணில் தானே அச்சு செய்து, எனக்கு ஒரு சாண் உயரத்தில் ஈய வேல் வார்த்துக் கொடுத்தார்.

கம்பத்தில் அந்தப் பேட்டரியின் ஒரு துண்டும் வீணாகாது. அதில் எங்களுக்குப் பெருமைகூட. உடைத்த கறுப்புப் பெட்டிகளைப் பெண்கள் வாங்கிப் போய் மிளகாய்ச் செடி வைப்பார்கள். பையன்கள் அவற்றைக் கயிற்றில் கோத்து ரயில் ஓட்டுவார்கள். அம்மா ஒரு பெட்டியில் துளசி வைத்தார். பட்டுப்போனது. மறுபடி வைத்தார். அதுவும் பட்டுப்போனது. மூன்றாவது முறை பட்டபோது, போன வெள்ளிக்கிழமை விளக்கேற்ற நேரமாகிவிட்டது, அதுதான் காரணம் என்று அம்மா தன்மேலேயே குறை சொல்லிக்கொண்டார்.

நான் கோயில் விளையாட்டு விளையாடுவேன். வீட்டுக்குப் பின்னால் ஜம்பு மரத்தடியில் ஒரு கல், அதன்மேல் காலண்டரிலிருந்து வெட்டிய முருகன் படம், பக்கத்தில் மாமா வார்த்த வேல். நான்தான் பூசாரி. தேங்காய்க்கு ஒரு சிரட்டை, மணிக்கு ஒரு கரண்டி. எல்லாம் இருந்தது, திருநீறு மட்டும் இல்லை. கோயிலிலிருந்து கொண்டு வந்த திருநீற்றை அம்மா சாமி மேடையில் எட்டாத உயரத்தில் வைத்திருந்தார். அதை விளையாட்டுக்குக் கொடுக்க மாட்டார்.

மாமா ஈயம் உருக்கும்போது சட்டியின் மேல் பால் ஏடு போல ஒன்று படியும். அதை அகப்பையால் ஒதுக்கி மரத்தடியில் கொட்டுவார். ஆறினால் அது வெள்ளையும் சாம்பலுமாக மெத்தென்ற பொடியாகிவிடும். நான் அதை அம்மாவின் காலி பவுடர் டின்னில் அள்ளி வைத்துக்கொண்டேன். டின் கையை இழுத்தது. அடுப்புச் சாம்பல் ஊதினால் பறக்கும், இது அசையவில்லை. இவ்வளவு கனக்கிறது என்றால் இதில் சக்தி இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

என் கோயிலுக்கு வந்த ஒரே பக்தன் தம்பிதான். மற்றப் பிள்ளைகள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, பிரசாதத்துக்குத் தின்ன ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பட்டம் விடப் போய்விட்டார்கள். ஒரு நாள் தம்பி ஓடி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு அழுதான். அம்மா எங்களுக்குச் செய்வதைப் போலவே, நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை அவன் நாக்கிலும் வைத்தேன். அழுகை நின்றது.

"இனிக்குதுக்கா. இன்னும் கொஞ்சம்."

"சாமி திருநீறு அப்படித்தான் இனிக்கும். பேராசைப்படக் கூடாது, நாளைக்கு வா."

நாளைக்கும் வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான்.

தீபாவளி முடிந்து சில வாரங்களில் தம்பி சோறு வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். ஓடிக்கொண்டே இருந்தவன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, யாராவது பேசினாலே சிடுசிடுத்தான். முகம் வெளுத்துப்போனது. அம்மா விடவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தார். கண்ணேறு கழித்தார். கோயில் பூசாரியிடம் கயிறு கட்டி வந்தார். கிளினிக்கில் பூச்சி மருந்து வாங்கி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றதும், அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, அன்றிலிருந்து ஒருவேளைச் சோறுதான் சாப்பிட்டார்.

நானும் விடவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் தினமும் பூசை செய்தேன். வலி அதிகமான நாட்களில் இரண்டு முறை திருநீறு கொடுத்தேன்.

ஒரு காலையில் தம்பி வாந்தி எடுத்து, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடினார். பெரிய ரோட்டின் நடுவில் நின்று, வந்த லோரியை நிறுத்தினார். நான் பின்னால் ஓடினேன். எங்களை ஏற்றிக்கொண்ட மலாய்க்காரர் ஆஸ்பத்திரி வாசல் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று, டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை ஒரு தமிழ் மிஸ்ஸி, அங்கே நர்ஸை அப்படித்தான் சொல்வோம், அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார்.

"உடம்புல ஈயம் ஏறியிருக்காம்மா. உங்க வீட்டுல யாரு ஈய வேலை செய்றது?"

"என் தம்பி. பேட்டரி உருக்குறான்."

"எங்க, வீட்டுலயா?"

"வீட்டுக்குப் பின்னால."

"அதான். அந்தப் புகையும் தூசியும் புள்ளைக்கு ஆவாது. ஆனா டாக்டர் சொல்றாரு, இவ்வளவு ஏறணும்னா புகை மட்டும் பத்தாது, வாய் வழியாவும் போயிருக்கணுமாம். புள்ள மண்ணு கிண்ணு திங்குதா?"

"இல்லம்மா. என் புள்ள மண்ணு திங்காது."

"அப்ப என்னா திங்குதுன்னு பாருங்க. கண்டுபிடிக்கலன்னா, நாங்க ஊசி போட்டு இறக்குறதெல்லாம் திரும்ப ஏறும். அடுத்த தடவ இழுத்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவைத் தம்பியிடம் உட்கார வைத்துவிட்டு அம்மா என்னோடு வீட்டுக்கு வந்தார். வந்ததும் தேட ஆரம்பித்தார். அரிசி டின்னைக் கொட்டித் துழாவினார். தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து அடியைத் தடவினார். தம்பியின் தட்டு, டம்ளர், தலையணை, அவன் கடிக்கும் பொம்மை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டுப்போன துளசியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செடியை வேரோடு பிடுங்கி மண்ணை முகர்ந்தார்.

நான் அதற்குள் மரத்தடிக்குப் போய் டின்னை எடுத்து வந்தேன். இத்தனை நாளும் ரகசியமாக வைத்திருந்ததை இனிமேல் மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப இத கொண்டுபோங்க. தம்பி நாக்குல வைங்க. அவனுக்கு இதுன்னா பிடிக்கும்."

அம்மா டின்னைக் கையில் வாங்கினார். வாங்கிய கை கொஞ்சம் கீழே இறங்கியது. மூடியைத் திறந்து, பொடியை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். மாமாவின் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பலருந்து?"

"தீபாவளிக்கு முன்னாலருந்து."

"தினமுமா?"

"ஆமா. வயிறு வலிச்சா ரெண்டு தடவ."

"நீ தின்னியா?"

"பூசாரி குடுக்கத்தான்மா செய்யணும். நான் நெத்தியில மட்டும் வெச்சுக்குவேன்."

"வேற யாருக்காவது குடுத்தியா? யோசிச்சுச் சொல்லு."

"இல்ல. அதுங்க யாரும் நம்பல."

அம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டு என் கைகளைக் கழுவினார். ஒருமுறை இல்லை, நான்கு முறை. நகக்கண்ணை எல்லாம் தேங்காய் நாரால் தேய்த்தார். எனக்கு எரிந்தது. நெற்றியையும் தேய்த்தார்.

"இனிமே உன் கையால யாருக்கும் திருநீறு குடுக்காத. இத யாருகிட்டயும் பேசாத. அப்பாகிட்டயும் வேணாம், மாமாகிட்டயும் வேணாம்."

"சாமிகிட்ட?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் குளிக்காமல் பூசை செய்த நாட்களை அம்மா எப்படியோ தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன். இனிமேல் தினமும் குளித்துவிட்டுத்தான் சாமியைத் தொடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மாமா சைக்கிளில் இரண்டு பேட்டரியோடு வந்தார். அடுப்பின் பக்கத்தில் அவருடைய இரும்புச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் அம்மா உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்திரிக்கா. அடுப்பு மூட்டணும்."

"மூட்டிக்க."

"சட்டி வேணும்லா."

"சட்டியில நான் உக்காந்திருக்கேன்."

"வெளையாடாதக்கா. ரெண்டு நாள்ல மீன் போட்டுக்காரங்களுக்கு வலைக் குண்டு குடுக்கணும்."

"ஆஸ்பத்திரியில என்னா சொன்னாங்கன்னு கேட்டியா? ஈயம்டா. என் புள்ள உடம்புல ஈயம்."

மாமாவின் முகம் மாறியது. இருந்தாலும் சொன்னார்: "மூணு வருஷமா உருக்குறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே."

"உனக்கு நாலு வயசாடா?"

அம்மா எழுந்திருக்கவில்லை. பயத்தங்காய் முடிந்தது, கீரை ஆய்ந்தார். கீரை முடிந்தது, சும்மா உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். சட்டியின் மேல் இருக்கும் அம்மாவையும், மரத்தில் சாய்ந்து நிற்கும் மாமாவையும் பார்த்தார்.

"சோறு இருக்கா?"

"இருக்கு. நீங்களே போட்டுக்குங்க. இவன் வாயத் தொறக்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அப்பா போட்டுக்கொண்டார்.

வெயில் தாழ்ந்தபோது மாமா கேட்டார்: "அப்ப நான் என்னா வேலதான்க்கா செய்றது?"

"வாங்கு. ஆனா உடைக்காத, உருக்காத, இங்க கொண்டுவந்து எறக்காத. முழு பேட்டரியா தவுக்கேகிட்ட குடு. பெரிய ஃபேக்டரிக்கு அனுப்புறாரு இல்ல, அங்க செய்யட்டும். காசு கொறைஞ்சா கொறையட்டும்."

மாமா தலையாட்டினார். அம்மா எழுந்தார். கால் மரத்துப்போய் நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தவுக்கே என்றது, கிள்ளான் டவுனிலிருந்து லோரியில் பழைய சாமான் வாங்க வரும் சீனரை. அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னதும், அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் வீடு வீடாக நடந்தார். உடைந்த பேட்டரி, பெட்டி, தகடு எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டு வரச் சொன்னார். சிலர் முணுமுணுத்தார்கள். "எங்க மொளகா செடி நல்லாதானே காய்க்குது" என்றார் ஒரு அக்கா. அம்மா அந்தச் செடியைப் பிடுங்கி ஒரு வாளியில் நட்டுக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமாவின் சாம்பல் குவியலைத் தண்ணீர் தெளித்துச் சாக்கில் அள்ளிக் கட்டினார். அம்மாவுக்குப் பேட்டரியில் பெரியது சின்னது தெரியாது. பேட்டரி என்று பெயர் இருந்தால் போதும். ரேடியோ பேட்டரி, டார்ச்லைட் பேட்டரி எல்லாம் ஒரு பிஸ்கட் டின் நிறைய சேர்ந்துவிட்டது.

தவுக்கே அரைத் தமிழில் சொன்னார்: "பெரிய பேட்டரி நான் எடுக்கிறான். இந்தச் சின்னது வேணாம் லா அம்மா. யாரும் வாங்க மாட்டான்."

"விக்க வேணாம். கொண்டுபோங்க."

"நான் எங்க போடுறது?"

"புள்ளைங்க இல்லாத எடத்துல போடுங்க."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு டின்னைத் தூக்கி லோரியில் வைத்தார்.

கடைசியாக அம்மா வீட்டுக்குள் போய், பழைய துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்தார். என் பவுடர் டின்னும் மாமாவின் ஈய வேலும் அதற்குள் இருந்தன. எனக்குத் தெரிந்துவிட்டது. சாமி படம் உள்ள காலண்டர் தாளைக்கூடக் குப்பையில் போட விடாதவர் அம்மா. பழைய படங்களைச் சேர்த்துவைத்துக் கோயில் அரசமரத்தடிக்குக் கொண்டுபோய் வைப்பவர். அவர் வேலாயுதத்தையும் திருநீற்றையும் பழைய சாமான் லோரியில் ஏற்றினார். நான் அழுதேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பமே சுற்றி நின்றது. மிளகாய்ச் செடி அக்காதான் கேட்டார்: "அது சரி, புள்ள உடம்புல எப்படித்தான் ஏறுச்சாம்? டாக்டர் என்னா சொன்னாரு?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"புகை" என்றார். "இவன் மூட்டுன புகை."

மாமா லோரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டினார்.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வர இரண்டு மாதம் ஆனது. ஊசி போட்டுப் போட்டுத் தொடை கன்றிப்போயிருந்தது. ஆனால் சோறு கேட்டான், மறுபடி ஓடினான். அம்மா பால்குடம் எடுத்தார். இன்றைக்கு அவன் போர்ட்டில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறான். பள்ளிக்கூடத்தில் படிப்பு மட்டும் கொஞ்சம் பின்தங்கியது. அதற்கும் மாமாதான் தன்னை நொந்துகொண்டார். வெளியே போய் வந்தால் குளித்து வேட்டி மாற்றாமல் தம்பியைத் தொட மாட்டார். பாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டார். என் தம்பிக்குக் கல்யாணம் ஆன அன்றுகூட, ஆசீர்வாதம் செய்யக் கூப்பிட்டபோது அவர் பின்னால் போய் நின்றுகொண்டதை நான் பார்த்தேன். அம்மா அவரிடமாவது உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. இப்போது இருவரும் இல்லை.

அந்த வயதில் எனக்குப் புரியாமல் போனது ஒன்றிரண்டு இல்லை. ஊர் முன்னால் மாமாவைக் குற்றம் சொன்ன அம்மா, அன்றிலிருந்து மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை மாமாவுக்கே வைத்தார். அப்பாவுக்குக்கூட வால்தான். குற்றம் செய்தவருக்கு எதற்கு நடுத்துண்டு என்று நான் மனதுக்குள் கணக்குக் கேட்டேன். மாமாவோடு பேசுவதை நான் நிறுத்தியிருந்தேன். அவர் வாங்கி வந்த மிட்டாயைத் தொடவில்லை. என் தம்பியைச் சாகக் கிடத்தியவர் என்று எனக்கு அவ்வளவு கோபம்.

கோபம் பாவம் என்று கோயிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, குளித்து, அம்மாவோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது, பூசாரி கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடி, எல்லாருக்கும் கேட்கும்படியே வேண்டிக்கொண்டேன்.

"அம்மா தாயே, மாமா தெரியாம செஞ்சுட்டாரு. அவர மன்னிச்சிடு. நான் மன்னிச்சிட்டேன்."

கண்ணைத் திறந்தபோது அம்மா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு முந்தானையை வாயில் அழுத்தி அழுதுகொண்டிருந்தார். என் நல்ல மனதைப் பார்த்துத்தான் அம்மா அழுகிறார் என்று எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.